காலி டப்பா, பால் கவர், எண்ணெய் கேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்று பரணில் இருந்ததை எல்லாம் கீழே இறக்கினோம். ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா, பிரியாணி வந்த கறுப்பு டப்பா, நெய் பாட்டில் என்று எண்ணிப் பார்த்தால் 61. மூடிகள் 38. இதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னதுதான் தாமதம், "எங்கள் வீட்டில் இதைவிட அதிகம்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள், கூடவே கேள்விகளும். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை மட்டும் இங்கே.

எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது?

நான் கழுவும்போதே முடிவு செய்துவிடுவேன். டப்பாவைக் கவிழ்த்து வைப்பதற்குள் "இது நாளைக்கு இன்னதுக்கு" என்று ஒரு வேலை சொல்ல முடிந்தால் அது அலமாரிக்குப் போகும், "எதுக்காவது ஆகும்" என்றுதான் வாயில் வந்தால் எடைக்குப் போடும் சாக்குக்குப் போகும். அந்த "எதுக்காவது" தான் 61 ஆனது.

அது போக, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உள்பக்கம் கீறல் இருக்கக் கூடாது, கை உள்ளே போய்த் தேய்க்கிற அளவு வாய் அகலமாக இருக்க வேண்டும். தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, அகல வாய் நெய் பாட்டில் எல்லாம் இதில் தேறும். கேக் வரும் கண்ணாடி மாதிரியான மெல்லிய பெட்டி, பிஸ்கட்டுக்குள் இருக்கும் தட்டு, சட்னி வரும் குட்டிக் கிண்ணம் எல்லாம் தேறாது. அவை ஒரு தடவைக்குச் செய்தவை, இரண்டாவது தடவை கழுவும்போதே ஓரம் கிழிந்து கையைக் கீறும்.

டப்பா அடியில் முக்கோணத்துக்குள் ஒரு நம்பர் இருக்கிறதே, அது தரத்தைக் காட்டுவதா?

இல்லை. 5 என்றால் 1-ஐ விட நல்லது, அல்லது கெட்டது, என்றெல்லாம் அர்த்தம் கிடையாது. 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் ஒன்று, குப்பையைப் பிரிப்பவர்களுக்கு இது எந்த வகை பிளாஸ்டிக் என்று தெரிவதற்காகக் கொண்டுவந்த அடையாளம் அது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் வகை தெரிந்தால் சூடு தாங்குமா தாங்காதா என்பது தெரிந்துவிடும், நமக்கு அதுதான் வேண்டும்.

நம் சமையலறையில் புழங்குவது ஐந்தாறுதான். 1 என்றால் பெட்: தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில், நெய், தேன், ஊறுகாய் வரும் பளபளப்பான பாட்டில்கள். 2 என்றால் ஹெச்டிபிஈ, எண்ணெய் வரும் வெள்ளை அல்லது மஞ்சள் கேன், தொட்டால் லேசாக மெழுகு மாதிரி வழுக்கும். 4 என்றால் எல்டிபிஈ, பால் கவர் இந்த வகைதான். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், பெரும்பாலான தயிர், ஐஸ்கிரீம், பார்சல் டப்பாக்கள். 6 என்றால் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மோகோலும் பட்டென்று உடையும் பழைய ஸ்பூன்களும். 7 என்பது "மற்றவை", அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். பிபிஏ (பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள்) என்று பயமுறுத்துகிறார்களே, அது பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் இருப்பது, 7-ல் வரும். பெட் பாட்டில் செய்ய பிபிஏ சேர்ப்பதே இல்லை. "பிபிஏ இல்லாதது" என்று பெட் பாட்டிலில் ஒட்டி விற்பது, தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று எழுதுவது மாதிரிதான். உண்மைதான், ஆனால் எப்போதுமே அப்படித்தான்.

சூடான சாம்பார், ரசம் ஊற்றலாமா?

பெட்டில் கூடவே கூடாது. அந்த பிளாஸ்டிக் 70 டிகிரி சொச்சத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். இது படித்துத் தெரிந்துகொண்டதல்ல. பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்று ரசம் கொடுத்தனுப்ப, கைக்குக் கிடைத்த அகல வாய் நெய் பாட்டிலில் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஊற்றினேன். ஊற்றி முடிக்கவில்லை, பாட்டிலின் இடுப்பு உள்ளே போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிழவி கூன் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. மேடையெல்லாம் ரசம். அப்புறம் எவர்சில்வர் தூக்கில் புதிதாக வைத்துக் கொடுத்தேன்.

5 நம்பர் டப்பா சூடு தாங்கும், அது உருகுவதற்கு 160 டிகிரி வேண்டும். கடைக்காரர்கள் சூட்டோடு அதில் ஊற்றுவதும் அதனால்தான். ஆனால் உருகாது என்பதும், சூட்டில் ஒன்றுமே இறங்காது என்பதும் ஒன்றல்ல. எண்ணெய் மிதக்கும் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க, நாலு தடவை கழுவிக் கீறல் விழுந்த டப்பாவில் ஊற்றி மூன்று மணி நேரம் வைப்பதை நான் செய்ய மாட்டேன். ஆறினதும் ஊற்றினால் சரி. சூடாக எடுத்துப் போக வேண்டுமென்றால் டிபன் கேரியர் இருக்கிறது, கல்யாணத்துக்கு வந்த நாலு அடுக்கு தூக்கு எல்லார் வீட்டிலும் சும்மாதான் தூங்குகிறது.

மைக்ரோவேவில்?

தட்டில் மாற்றிச் சூடு பண்ணுங்கள். டப்பாவில் "மைக்ரோவேவில் வைக்கலாம்" என்று போட்டிருந்தாலும், தண்ணீர் 100 டிகிரியில் நிற்கும், எண்ணெய் நிற்காது. பார்சல் டப்பாவில் குழம்பைச் சூடாக்கின பிறகு ஓரத்தில் சுற்றி ஒரு சொரசொரப்பான வளையம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் நின்ற இடத்தில் பிளாஸ்டிக் இளகின அடையாளம் அது. அந்த டப்பாவின் சாப்பாட்டு வாழ்க்கை அன்றோடு முடிந்தது, ஆணி, திருகு போட்டு வைக்கலாம்.

எவ்வளவு கழுவினாலும் வாடையும் மஞ்சள் கறையும் போகவில்லை. என்ன செய்வது?

வாழ்ந்து கெட்டவர்களைப் பெருங்காய டப்பா என்பார்கள், பெருங்காயம் தீர்ந்து வருஷமானாலும் வாசனை போகாது என்பதால். பிளாஸ்டிக்குக்கு எண்ணெய்ப் பசையோடு ஒரு ஒட்டுதல் உண்டு. வாசனையும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைபவை, டப்பா அவற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே போனது வராது என்பதோடு, கம்பி நாரில் தேய்த்தால் கீறல் விழுந்து அடுத்த கறைக்கு இன்னும் வசதியாகிவிடும்.

மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து. முதலில் ஒரு சொட்டு சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு உள்பக்கம் துடையுங்கள், மேலாக உள்ள நிறம் அதில் வந்துவிடும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, வாயை மேலே பார்க்க வைத்து மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் சாயங்காலத்துக்குள் வெளுப்பதற்கும் இதில் பங்கு உண்டு. சாம்பார் டப்பா ஒன்று சித்திரை வெயிலில் ஒரே பகலில் பாதிக்கு மேல் வெளுத்ததைப் பார்த்தேன், வாரக்கணக்காகத் தேய்த்த கைக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

வாடைக்கு: சமையல் சோடா ஒரு ஸ்பூன் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ராத்திரி விட்டு, காலையில் கழுவிக் காயவைத்து, பிறகு செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து மூடி ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். கருவாடு, பூண்டு ஊறுகாய் இரண்டுக்கும் இதெல்லாம் செல்லாது. அந்த டப்பாவை அதற்கே ஒதுக்கிவிடுங்கள், பெயரையும் மேலே எழுதிவிடுங்கள். அதே டப்பாவில் பாயசம் கொடுத்தனுப்பின அனுபவம் எங்கள் வீட்டுக்கு உண்டு.

எண்ணெய் பாட்டிலில் வரும் காறல் வாடை வேறு கதை. குறுகிய வாய் என்பதால் கை போகாது. ஒரு பிடி அரிசி, இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, கால் பாகம் வெதுவெதுப்பான தண்ணீர் போட்டு மூடிக் குலுக்கினால் அரிசி உள்ளே ஓடிப் பிசுக்கைச் சுரண்டி எடுத்துவிடும். அதற்கும் போகவில்லை என்றால் புனலாக வெட்டிவிடலாம்.

தண்ணீர் பாட்டிலை எத்தனை நாள் திரும்பத் திரும்ப நிரப்பலாம்? காரில் வெயிலில் கிடந்தால் விஷமாகிவிடுமா?

இதில் பாதி பயம், பாதி உண்மை. பெட் செய்யும்போது ஆன்டிமனி என்ற தனிமத்தின் கூட்டுப்பொருளை வினையூக்கியாகச் சேர்க்கிறார்கள், அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கிலேயே தங்கும். தண்ணீர் சூடாகச் சூடாக, நாள் ஆக ஆக, அது இறங்குவது கூடும். ஆனால் இறங்கும் அளவு மிகச் சிறியது. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 20 மைக்ரோகிராம், ஒரு மத்தியானம் காரில் கிடந்ததால் தண்ணீர் அந்த எல்லையைத் தொட்டுவிடாது. சொல்லப்போனால், சுத்தமான தண்ணீர் கிடைக்காத ஊர்களில் தெளிந்த தண்ணீரை பெட் பாட்டிலில் ஊற்றி 6 மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்திக் கிருமியைக் கொல்லும் முறை ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் நீர் ஆராய்ச்சி நிறுவனமான இயவாக் பரப்பியது அது. மாதக்கணக்கில் வெயிலில் அடுக்கி வைத்திருந்த பாட்டில்தான் எனக்குப் பிடிக்காது, பிளாஸ்டிக் வாடையே அடிக்கும்.

நிஜமான தொந்தரவு கிருமி. வாய் வைத்துக் குடித்து, அலசாமல், மேலே மேலே நிரப்பிக்கொண்டே போவது. பாட்டிலின் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் அதுதான். அடியில் இருக்கும் அந்தப் பூப்போன்ற மடிப்புகளுக்குள் எந்த பிரஷும் போகாது. ஃபிரிட்ஜ் கதவில் தூக்கிக் குடிப்பதற்கு என்றால் வாராவாரம் கழுவி, மூடியையும் கழுவி, ஒரு மாதமோ இரண்டு மாதமோ வைத்துக்கொள்ளுங்கள். மேலே வெண்மையாகக் கீறல் படர்ந்தால் போதும், மாற்றிவிடலாம். தூக்கிப் போடும்போது நசுக்கிப் போடுங்கள், பாட்டிலிலேயே அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். நசுக்காத பாட்டில் யார் கையில் போய், எந்தக் குழாய்த் தண்ணீரோடு, எந்த பஸ் ஸ்டாண்டில் உங்களுக்கே திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

பால் கவரை என்ன செய்யலாம்?

என் பார்வையில் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக்கிலேயே மதிப்பானது இதுதான். ஒரே வகைப் பொருள், கனமானது, தினமும் வருகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, தட்டு, டம்ளர், தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடையானபோதும் பால் கவருக்கு விலக்கு கொடுத்தார்கள். ஆக, நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, ஆவின் கவர் தினமும் வரத்தான் போகிறது.

வெட்டுவதில் இருந்தே ஆரம்பிக்க வேண்டும். மூலையைக் கத்தரித்துத் தனியாக விழவிடாதீர்கள். நகம் அளவுள்ள அந்தத் துண்டு மேடைக்குப் பின்னால் போகும், வடிகாலில் போகும், எந்தக் குப்பை பொறுக்குபவராலும் அதை எடுக்க முடியாது. பாதி மட்டும் கீறி, துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விடுங்கள். பால் ஊற்றினதும் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். புளித்த மோர் ஊற்றுகிறோமே, அதற்கு இது தங்கை. பிறகு ஒரு பக்கம் முழுக்கப் பிரித்து, சுவரில் பட்டென்று அடித்து ஒட்டிவிடுவார் எங்கள் அத்தை. சமையலறை டைல்ஸில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் காய்ந்ததும் தானே கீழே விழும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பதைவிட வேகம். காயாமல் மடித்து வைத்தால் இரண்டாம் நாளே வீடு நாறும், எறும்பும் வரும்.

அப்படிச் சேர்த்து வைத்ததைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் சாதாரண பிளாஸ்டிக் கவரைவிட நல்ல விலைக்கு எடுப்பார்கள், சுத்தமாக இருந்தால். ரோட்டில் மைக் கட்டி வரும் ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் ஒரே எடையாகப் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பால் கவரை அவரிடம் போடாதீர்கள்.

வீட்டில் பயன்படுத்துவது என்றால், விதை போட்டு நாற்று எடுக்க அரை லிட்டர் கவருக்கு நிகர் இல்லை. அடியில் இரண்டு மூலையிலும் நடுவிலும் ஓட்டை போட்டு, தேங்காய் நார்க்கழிவும் மண்ணும் மக்கிய உரமும் கலந்து முக்கால் பாகம் நிரப்பினால் தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் 25, 30 நாள் வரை அதிலேயே வளரும். நடும்போது கவரைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். மக்கிவிடும் என்று நினைத்து அப்படியே புதைத்தவர்களை நான் அறிவேன், மூன்று வருஷம் கழித்துத் தோண்டினால் கவரில் எழுதியிருந்த விலை கூடப் படிக்க முடிந்தது.

அப்புறம் மருதாணி கோன். கவரைச் சதுரமாக வெட்டிக் கூம்பாகச் சுருட்டி டேப் ஒட்டினால் கடைக் கோனைவிட நன்றாகப் பிழிய வரும்.

தட்டை, அதிரசம் தட்ட எண்ணெய் கவரைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அம்மா காலத்தில் வாழை இலை, இப்போது ஒரு லிட்டர் எண்ணெய் கவர். இரண்டு பக்கமும் வெட்டிப் பிரித்து, அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, உள்பக்கத்தில் தட்டுங்கள். அச்சு மை சாப்பாட்டில் படக்கூடாது என்பதுதான் ஒரே விதி. போளிக்கும், வடைக்கும், மரவள்ளி அப்பளத்துக்கும் இதே.

ஆனால் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கவரோடு போகாதீர்கள். ஒரு தீபாவளிக்கு அவசரத்தில் கவரிலிருந்தே நேராகத் தட்டையை வழுக்கி விட்டேன், கவரின் ஓரம் காயும் எண்ணெயைத் தொட்டது, சுர் என்று சுருங்கி ஒரு கறுப்பு முத்தாகி சட்டிக்குள் விழுந்துவிட்டது. ஒன்றரை லிட்டர் எண்ணெயைக் கொட்ட வேண்டியதாயிற்று. கையில் எடுத்து, கையிலிருந்துதான் போட வேண்டும்.

மாடித்தோட்டத்துக்கு எது எது ஆகும்?

பிரியாணி டப்பாவில் வெந்தயக்கீரை. அடியில் ஐந்தாறு ஓட்டை, நாலு விரல்கடை மண், அஞ்சறைப் பெட்டி வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்று வாரத்தில் பறித்துவிடலாம். புதினாத் தண்டுக்குத் தயிர் டப்பா. கொத்தமல்லி என்றால் தனியாவை லேசாக நசுக்கி இரண்டாக்கித்தான் போட வேண்டும், முழுசாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று டப்பாவைக் குற்றம் சொல்லக்கூடாது. 5 லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்கவைத்து மேல்பக்கத்தை வெட்டினால் கீரைத் தொட்டி, வெட்டி எடுத்த கைப்பிடிப் பக்கம் மண் அள்ளும் கரண்டி. உள்ளே எண்ணெய் இருந்தால் மண் தண்ணீரை வாங்காது, முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அரிசி வரும் 25 கிலோ சாக்கில் தக்காளி நட்டால் முதல் ஆறு மாதம் பிரமாதமாக இருக்கும். அதற்கப்புறம் வெயிலில் இற்றுப்போய், கையால் தூக்கினால் சாக்கு நூல் நூலாக, பிறகு பொடியாக உதிரும். அந்தப் பொடியை மண்ணிலிருந்து பிரிக்கவே முடியாது. டப்பாக்களுக்கும் இதே கதி, கொஞ்சம் தாமதமாக. அதனால் மொட்டை வெயிலில் வைக்காமல் சுவர் நிழலில் வையுங்கள், ஓரம் வெளுத்து, அழுத்தினால் நொறுங்கும் பதம் வரும் முன் மாற்றிவிடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் டப்பா உடைகிறதே?

சில 5 நம்பர் டப்பாக்கள் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே விறைத்துவிடும், கைதவறிக் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி சிதறும். ஐஸ்கிரீம் டப்பா குளிருக்கென்றே செய்தது என்பதால் அது தாங்கும். தேங்காய்த் துருவல், பச்சைப் பட்டாணி வைக்க அதுதான் சரி. திரவமாக இருந்தால் ஒரு விரல் அளவு இடம் விட்டு ஊற்றுங்கள், உறையும்போது பெருக்கும்.

தோசை மாவை அதில் ஊற்றி மூடியை அழுத்தி வெளியே வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவு புளிக்கும்போது காற்று உண்டாகும். நள்ளிரவில் "டப்" என்று சத்தம் கேட்டால் திருடன் இல்லை.

ஊறுகாய் போட்டு வைக்கலாமா?

கடை ஊறுகாயே பெட் பாட்டிலில்தானே வருகிறது என்பார்கள், நியாயம்தான். புளிப்பினால் பெட்டுக்கு ஒன்றும் ஆகாது, எலுமிச்சை சோடாவும் அதில்தான் வருகிறது. சிக்கல் நாம் காய்ச்சி ஊற்றும் எண்ணெயில். ஆறிவிட்டது என்று நினைத்து ஊற்றுவோம், மேலே ஆறி அடியில் சூடாக இருக்கும். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும் தக்காளித் தொக்குக்கு முழுக்க ஆறவைத்து பாட்டிலில் போடுங்கள். வருஷத்துக்குப் போடும் ஆவக்காய், நார்த்தங்காய்க்கெல்லாம் பீங்கான் ஜாடிதான், இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பினாயில், ஆசிட் ஊற்றி வைக்கிறோம், லேபிளைக் கிழித்துவிட்டு. சரியா?

தவறு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தெருவில் சைக்கிளில் வந்து பினாயில் விற்பவரே பழைய தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுக்கிறார், நாமும் வாங்கி சின்க் அடியில் வைத்துவிடுகிறோம். குழந்தைக்கு பாட்டிலின் உருவம்தான் அடையாளம். மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரியே இருக்கும், பெரியவர்களே ராத்திரி இருட்டில் எடுத்து வாயில் ஊற்றியிருக்கிறார்கள்.

பழைய பினாயில் பாட்டில், ஆசிட் கேன் இவற்றிலேயே திரும்ப வாங்குங்கள். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டாக இருந்தால் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் தடவை பொசுக்கும், மண்ணெண்ணெயாக இருந்தால் நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு என்று வைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சிப்ஸ் கவர், பிஸ்கட் கவர்?

வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்க மாட்டார். பிளாஸ்டிக் ஒன்று, அதன் மேல் அலுமினியப் பூச்சு, அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக் என்று ஒட்டியிருக்கிறார்கள், பிரிக்க வழியில்லை. உலர் குப்பையில் தனியாகக் கட்டிப் போட்டால் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகலாம், தார் ரோட்டுக்கும் போகலாம். இந்த ரோடு விஷயம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடாக்கிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும், தார் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும் என்று செய்து காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கேரி பேக், சிப்ஸ் கவர், தெர்மோகோல் வரை அதில் போகும், தண்ணீர்க் குழாய் செய்யும் பிவிசி மட்டும் ஆகாது.

வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டால் என்ன?

வேண்டாம். அந்தப் புகையை முதலில் குடிப்பது அடுப்பு பற்றவைப்பவர்தான். கலந்து கிடக்கும் குப்பையில் பிவிசி ஒன்று இருந்தாலும் டையாக்சின் என்ற நச்சு வரும். போகிக்கும் இதேதான்.

மீந்த சாப்பாட்டை கவரில் கட்டிப் போட்டால் மாடாவது தின்னுமே?

மாடு முடிச்சை அவிழ்க்காது, கவரோடுதான் விழுங்கும். அது வயிற்றிலேயே தங்கிவிடும், சாணத்தில் வராது. அறுவை செய்து கிலோக்கணக்கில் எடுத்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டை வெறுமனே தட்டில் கொட்டி வையுங்கள்.

ஓட்டலுக்கு நம் டப்பாவை எடுத்துப் போனால் கொடுப்பார்களா?

பெரும்பாலும் கொடுப்பார்கள், அவர்களுக்கு ஒரு டப்பா மிச்சம். முதல் தடவை கவுன்டரில் இருப்பவர் மேலும் கீழும் பார்ப்பார், நாலாவது தடவை "அக்கா தூக்கு வந்துடுச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பார். ஒரு விஷயம் மட்டும், அளவு. அவர்களுக்கு டப்பாதான் அளவுகோல், நம் தூக்கில் எவ்வளவு ஊற்றுவது என்று தடுமாறுவார்கள், குறைத்தும் ஊற்றுவார்கள். அரை லிட்டர் பிடிக்கும் பாத்திரமாகக் கொண்டுபோய் "இது அரை லிட்டர்" என்று சொல்லிவிட்டால் சண்டை இல்லை. கோழி, மீன் கடைக்கு மட்டும் பழைய ஐஸ்கிரீம் டப்பா எடுத்துப் போவேன். மூடி இறுக்கமாக இருக்கும், வழியில் ரத்தம் ஒழுகாது. அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை.

பாதி தீர்ந்த பாக்கெட்டை மூடிவைக்க ரப்பர் பேண்டைத் தவிர வேறு வழி?

தண்ணீர் பாட்டிலின் கழுத்தை, வளையத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டுங்கள். ரவை, மிளகாய்த்தூள் பாக்கெட்டின் வாயை அந்தக் கழுத்துக்குள் கீழிருந்து மேலே இழுத்து, வெளியே மடித்து, மூடியைத் திருகுங்கள். எறும்பு போகாது, கொட்டுவதும் சுலபம். வெட்டின விளிம்பை மட்டும் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

டப்பா தொலைந்து மூடி மட்டும், மூடி தொலைந்து டப்பா மட்டும் கிடக்கிறது.

மூடி இல்லாத டப்பாக்கள் ஃபிரிட்ஜ் தட்டில் நன்றாக உட்காரும். பச்சை மிளகாய்க்கு ஒன்று, எலுமிச்சைக்கு ஒன்று, பாதி வெட்டின காய்களுக்கு ஒன்று. இழுப்பறை மாதிரி வெளியே இழுத்துக்கொள்ளலாம். எங்கள் 61-ல் 14 அப்படிப் போனது. தனி மூடியைச் செடித் தொட்டிக்கு அடியில் வைக்கலாம், ஆனால் அதில் தேங்கும் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒரு தடவை கொட்டிவிட்டு ஓரத்தைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். துடைக்க முடியாது என்றால் மூடியையும் எடைக்கே போட்டுவிடுங்கள்.